கம்பாவுக்கு மஞ்சள் தண்ணீர் ஆகாது

வட இத்தாலியிலுள்ள பெர்காமோவில் ஒரு நூற்பு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி எங்கள் மில்லில் என்னை அனுப்பினார்கள். நான்கு நாள் வேலை. அதோடு என் விடுப்பில் ஐந்து நாளைச் சேர்த்துக்கொண்டு பலேர்மோ போய்வந்தேன். அக்டோபர் மாதம், நவராத்திரி முடிகிற சமயம். சிசிலித் தீவுக்குப் போகிறவர்கள் கடலுக்கும் எரிமலைக்கும் போவார்கள். நான் போனது ஒரு கச்சேரிக்கு.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: நான் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். நூலின் முறுக்கை அளப்பது என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் முறுக்கைப் பற்றி எதையோ தேடப்போய், அந்தக் கால இத்தாலியில் ஆட்டுக்குடலை முறுக்கி வாத்தியங்களுக்குத் தந்தி செய்த கதையில் போய் விழுந்தேன். தந்தியைப் பற்றிப் படித்தவள் அந்தத் தந்தியில் வாசித்ததையும் கேட்டுப் பார்த்தேன். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஸ்பானிய, இத்தாலிய வாத்திய இசை. பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது, யாரும் யாருக்காகவும் உருகுவதில்லை. என் குணத்துக்கு ஒத்துப்போகிறது.

தந்தி முறுக்கைப் பற்றி இங்கே நான் எழுதிய பதிவை மொத்தம் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். அதன் கீழே இலங்கைத் தமிழில் ஒரு பின்னூட்டம் வந்தது. "அன்ரி, நான் இதைத்தான் வாசிக்கிறன். பலேர்மோவில இருக்கிறன். எங்கட வீட்டில ஒரு அறை வாடகைக்கு விடுறம். ஒக்டோபரில கச்சேரி இருக்கு, வாங்கோ." எழுதியவள் பெயர் அபிரா, வயது பத்தொன்பது. அங்குள்ள இசைக் கல்லூரியில் வியோலா த கம்பா படிக்கிறாள். முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் ஆறு தந்தி வாத்தியம் அது. கம்பா என்றால் கால். வீட்டில் அவர்கள் சுருக்கமாகக் கம்பா என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெர்காமோவிலிருந்து பலேர்மோவுக்கு விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். கைப்பெட்டியோடு எனக்கு முப்பத்தெட்டு யூரோ ஆயிற்று. விமான நிலையம் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்தில் ரயில் நிலையம் வர ஐம்பது நிமிடம். பேருந்தில் வலது பக்கம் உட்காராதீர்கள், கடல் இடது பக்கம்.

நிலையத்தில் அபிராவின் அப்பா நேசன் காத்திருந்தார். வன்னிக்காரர். சண்டை முடிந்த பிறகு வந்தவர். துறைமுகத்துப் பக்கம் ஓர் உணவு விடுதியின் சமையலறையில் வேலை. என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பத்து நிமிச நடைதான் அக்கா. ஆனா இண்டைக்கு இருவது நிமிசம்," என்றார். ஏன் என்று கேட்டேன்.

"பல்லரோவுக்குள்ளாலை போகேலாது. கலா மணந்து பிடிச்சிடுவா."

கலா அவர் மனைவி. பல்லரோ அந்த ஊரின் தெருச் சந்தை. மாலையானால் அங்கே ஆட்டுக்குடலை வெங்காயத் தாளோடு சுற்றிக் கரியடுப்பில் சுடுவார்கள். மற்ற நாட்களில் நேசன் அந்தப் புகைக்கு நேரே போய் நிற்பவராம். நவராத்திரிக்கு வீட்டில் எல்லோரும் மரக்கறி என்பதால், சட்டையில் மணம் ஏறிவிடுமோ என்று ஒரு வாரமாக ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போகிறார். நாங்களும் சுற்றிக்கொண்டுதான் போனோம்.

வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. அறை வாடகை ஓர் இரவுக்கு முப்பது யூரோ, காலைத் தேநீர் உட்பட. அந்த விலைக்கு இடியப்பமும் சம்பலும் வரும் என்று விளம்பரத்தில் போட்டால் அறை காலியாகவே இருக்காது. போடவில்லை.

கதவைத் திறந்த கலா மெலிந்தவர், வேகமாகப் பேசுபவர். பக்கத்து ஊரான பகேரியாவில் தனியாக இருக்கும் வயதான ஓர் இத்தாலிய அம்மாளை, அவர் சொல்வதில் சிஞ்ஞோராவை, கவனித்துக்கொள்கிற வேலை. தினமும் காலை ரயிலில் போய் மாலை திரும்புகிறார். சிஞ்ஞோராவுக்கு இறைச்சி சமைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிறகுதான் தன் அடுப்பைப் பற்றவைப்பார். கூடத்தின் மூலையில் கும்பம் வைத்து, சாமிப் படங்களுக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றது கம்பா. தேன் நிறம், வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள், ஆனால் கழுத்தைச் சுற்றித் தந்தியால் கட்டியவை, தலையில் செதுக்கிய சிறு முகம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அதனிடம் போனேன்.

"கையைக் கழுவிப்போட்டுக் கிட்டப் போங்கோ அக்கா," என்றார் கலா.

கழுவிக்கொண்டு வந்தேன். கை காய்வதற்குள் அபிரா ஓடிவந்து, என்னைத் தந்தியைத் தொடவிடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் அபிரா கச்சேரியைப் பற்றிச் சொன்னாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, பழைய துறைமுகத்துப் பக்கம் ஓர் ஒரடோரியோவில். ஒரடோரியோ என்பது கோயிலை ஒட்டிய பிரார்த்தனைக் கூடம். மூன்று பேர்: கம்பா, பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்ட், பழைய பாணி கித்தார். முதல் பாதியில் ஸ்பெயின், இரண்டாம் பாதியில் இத்தாலி. அபிராவுக்கு இதுதான் முதல் பொதுக் கச்சேரி. கம்பா கல்லூரியுடையது, இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக வாசித்தால் படிப்பு முடியும்வரை அவளிடமே இருக்கும்.

"ஞாயிறு விஜயதசமி," என்றார் கலா, என் தட்டில் இன்னொரு இடியப்பத்தை வைத்தபடி. "தேடினாலும் இப்பிடி நாள் கிடைக்காது. சனி பூசையிலை வைப்பம். ஞாயிறு விடிய எடுத்து இஞ்சை ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போட்டு அங்கை கொண்டு போகட்டும்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான் தனியாகப் பல்லரோவுக்குப் போனேன். எனக்கு விரதம் இல்லை. சந்தையின் கத்தலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கே தமிழ்க் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலை கிடைக்கும், அவலும் கிடைக்கும். பூசைக்கு ஒரு கிலோ கடலை வாங்கிக்கொண்டேன்.

இந்த ஊரில் இந்த இசையைக் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. சிசிலி சில நூற்றாண்டுகள் ஸ்பெயின் மன்னர்களின் கையில் இருந்தது. அதிகாரிகளோடு அவர்களது இசைக்காரர்களும் கப்பல் ஏறி வந்தார்கள். ஸ்பெயினில் நாட்டியத்துக்கு வாசித்த மெட்டு நேப்பிள்ஸிலும் பலேர்மோவிலும் இறங்கி, இரண்டு தலைமுறையில் இத்தாலியச் சரக்காகிவிட்டது. அப்படி வந்தவற்றில் ஒன்று ஃபொலியா. கீழே சில சுரங்கள், மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மேலே வாசிப்பவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது வழியில் போய்வருவார். ஸ்பானியர்கள் இந்தச் சுற்றுகளை வேறுபாடுகள் என்றே அழைத்தார்கள். ஒரே வரியை வைத்துக்கொண்டு நிரவல் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது படியிலேயே குரல் கேட்டது.

நடந்தது இதுதான். அபிரா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கலா பூசைக்கு ஆயத்தம் செய்திருக்கிறார். வீட்டிலிருக்கிற தையல் இயந்திரம், நேசனின் சமையல் கத்திகள், அபிராவின் மடிக்கணினி எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துச் சந்தனம் வைத்திருக்கிறார். வருடா வருடம் செய்வதுதான். போன வருடம்வரை அபிரா வீட்டில் வைத்திருந்தது நைலான் தந்தி போட்ட பழகுநர் வாத்தியம். அதையும் அப்படித்தான் துடைத்தார், ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை கல்லூரிக் கம்பாவை மேலிருந்து கீழ்வரை, தந்தி தந்தியாக, மிகப் பக்தியோடு துடைத்திருக்கிறார்.

குடல் தந்தி தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் ஊதும், முறுக்கு விடும். நான் உள்ளே நுழைந்தபோது முதல் இரண்டு தந்திகள் தொய்ந்து, நடுவில் பிசிறு பிசிறாக நின்றன. முறுக்கு விட்ட நூல் எப்படி இருக்கும் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஆனால் கலா கத்திக்கொண்டிருந்தது அதற்காக இல்லை. ஈரமான குடலுக்கு ஒரு மணம் உண்டு.

"நான் எத்தினை குடல் கழுவினனான், எனக்கு மணம் தெரியாதோ?" துணி இன்னும் கையிலேயே இருந்தது. "ஆட்டுக்குடலையோ கும்பத்துக்குப் பக்கத்திலை ஒன்பது நாளா வச்சிருக்கிறாய்?"

"அம்மா, ஆட்டுக்குடல் இல்லை. செம்மறி," என்றாள் அபிரா. அது உதவவில்லை.

"நைலோன் எண்டு ஏன் சொன்னனீ?"

"இதைக் கொண்டு வந்த நேரம் நீங்கள் கேட்டனீங்கள். உண்மையைச் சொன்னா வீட்டுக்கை விட்டிருப்பீங்களோ? தந்தி பழுதாப் போச்சு அம்மா. நாளைக்குக் கொன்சேர்த்தோ."

கலா என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்குத் தெரியுமோ இது குடல் எண்டு?"

நான் அதைப் பற்றி ஒரு பதிவே எழுதியிருந்தேன். "தெரியுங்க," என்றேன்.

"பாத்தியே. இந்தியாவிலை இருக்கிறவாக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

நேசன் சமயோசிதமாக ஒன்று சொல்ல முயன்றார். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல்தானே கட்டுகிறார்கள், அவை சாமிக்கு முன்னால்தானே இருக்கின்றன என்றார். நல்ல வாதம் என்று நான் நினைத்தேன். கலா ஒரு நொடி யோசித்தார்.

"தோல் வெளியிலை இருக்கிறது. குடல் உள்ளுக்கை இருக்கிறது," என்றார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் விஷயம். "இந்த விரதமே உனக்காகத்தான் பிள்ளை. நாளைக்கு வாசிச்சு முடிய அதைக் கொலிச்சியோவிலை குடுத்திட்டு வா. இனி இந்த வீட்டுக்கை அது வேண்டாம்." கொலிச்சியோ என்று அவர் சொல்வது கல்லூரியை.

அபிரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்லூரியில் பயிற்சி அறை வாரத்தில் இரண்டு முறைதான் கிடைக்கும். வீட்டில் வைத்து வாசிக்க இடம் இருக்கிறது என்று சொல்லித்தான் இரவல் வாங்கியிருந்தாள். வீட்டில் கம்பா இல்லையென்றால் படிப்பு இல்லை. இதை அவள் அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். கலா கேட்டுக்கொண்டார். கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அபிரா கம்பாவை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். இரவு ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் தோழி வீட்டில் தங்குவதாகச் செய்தி வந்தது.

சாயங்காலம் பூசை நடந்தது. தையல் இயந்திரமும் கத்திகளும் மடிக்கணினியும் சந்தனப் பொட்டோடு இருந்தன. கம்பா இருந்த இடத்தைத் துடைத்துக் கோலம் போட்டிருந்தார் கலா. கடலை அவித்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். நான் அவர்கள் வீட்டு விருந்தாளி, அதுவும் பணம் கொடுத்துத் தங்குகிறவள். இதில் எனக்குப் பேச இடமில்லை என்று சொல்லிக்கொண்டு கடலையைத் தின்றேன். ருசியாகவே இருந்தது.

ஞாயிறு காலை நான் மலைக்குப் போவதாக முன்பே திட்டம். ஊருக்கு வடக்கே பெல்லெக்ரினோ மலையில், ஒரு குகைக்குள் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. ஊர் மையத்திலிருந்து பேருந்து உண்டு, ஒன்றரை யூரோவுக்குள். நடந்தும் ஏறலாம், கல் பாவிய பழைய பாதை, நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், நிதானமாக ஒரு மணி நேரம். நான் கிளம்பும்போது கலா சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாறன்," என்றார்.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பாதையில் எங்களுக்கு முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள். இந்துக்களும் வருகிறார்கள், கத்தோலிக்கரும் வருகிறார்கள், மொரீசியஸ் தமிழர் சிலரையும் பார்த்தேன். பிள்ளைகள் தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தை இத்தாலியனில் முடித்துக்கொண்டு ஓடினார்கள். கலா வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி தூரத்தில் துறைமுகம் முழுதும் தெரியும் ஒரு திருப்பம் வருகிறது. தண்ணீர் குடிக்க நல்ல இடம்.

குகை உள்ளே குளிர்ந்து இருக்கிறது. பாறையின் கூரையிலிருந்து சதா தண்ணீர் கசிகிறது. அந்தத் தண்ணீரைப் புனிதமாக நினைக்கிறார்கள். ஆனால் கீழே நிற்பவர்கள் மேலும் பலிபீடத்தின் மேலும் சொட்டாமல் இருக்க, கூரை முழுக்கத் தகரத்தில் மெல்லிய தூம்புகளை வளைத்து வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் அவற்றின் வழியே சுவரோரம் வடிந்து போகிறது. கீழே கண்ணாடிக்குப் பின்னால் பொன் ஆடை போர்த்திய புனிதையின் சிலை படுத்திருக்கிறது.

கலா சிலையைக் கும்பிட்டார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முழங்கால் வலிக்க ஆரம்பிக்கும்வரை நின்றார்.

"எத்தினை தரம் வந்திருக்கிறன், இதை வடிவாப் பாத்ததில்லை," என்றார். "தீர்த்தம் எண்டுதானே சொல்லுகினம். அப்ப ஏன் அம்மாவிலை படாமக் கட்டி வச்சிருக்கினம்?"

"பட்டா பழுதாயிடுமுங்க. பொன்னும் மரமும் ஈரத்துக்குத் தாங்காது."

"தீர்த்தம் எண்டாலுமோ?"

"தண்ணி தண்ணிதானுங்களே."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். கலா காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அந்தத் தந்தியைத் திருப்பிச் சரிக்கட்டேலாதோ அக்கா?" என்று கேட்டார்.

ஒருமுறை முறுக்கு விட்டால் திரும்ப ஏறாது, புதிதுதான் போடவேண்டும் என்றேன். புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க இரண்டு மூன்று நாளாவது ஆகும், அதுவரை சுருதி நிற்காது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது உண்மையை.

"அப்ப இண்டைக்கு?"

"இன்னைக்குக் கஷ்டப்படுவா."

கலா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாளாக அவர் சுமந்துகொண்டிருந்தது கோபம் மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளின் முதல் கச்சேரித் தந்தியைத் தன் கையாலேயே, அதுவும் மகள் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே அறுத்தது போலத்தான். எனக்கு அவர் மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. இறங்கும்போது பேருந்தில் வந்தோம். வீட்டு வாசலில், "நான் வரேல்லை. நீங்களும் அவருமாப் போங்கோ," என்றார்.

ஒரடோரியோவுக்கு நுழைவு பன்னிரண்டு யூரோ. உள்ளே நூறு நாற்காலி இருக்கும், முக்கால்வாசி நிறைந்திருந்தது. சுவரெல்லாம் வெள்ளைச் சுதையில் குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நேசன் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு வைத்தார். அது கடைசிவரை அங்கேயே கிடந்தது.

அபிரா கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தாள். புதிதாக இரண்டு தந்தி. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் நீண்ட நேரம் சுருதி சேர்த்தாள். சபையில் ஒருவர் இருமினார், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் கித்தாருக்கான ஸ்பானிய வேறுபாடுகள். பிறகு ஹார்ப்சிகார்ட் மட்டும், விரல்கள் வழி தேடிக்கொண்டு போவது போன்ற ஒன்று. இடைவேளைக்குப் பின் இத்தாலிய நாட்டிய மெட்டுகள், துள்ளலாகவும் துல்லியமாகவும். நான் பஞ்சாலைக்காரியாக உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் மேல் தந்தி எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால் இசை காதில் விழாது. விழவில்லை.

கடைசியாக ஃபொலியா. ஐந்தாவது சுற்றிலோ ஆறாவதிலோ மேல் தந்தி சுருதியை விட்டு இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் எனக்குத் தெரிந்தது, ஹார்ப்சிகார்டுக்காரிக்கும் தெரிந்தது, அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் நிறுத்த முடியாது, கீழேயுள்ள சுரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அபிரா அந்தச் சுற்றைச் சுருக்கமாக முடித்தாள். அடுத்த சுற்றை மேல் தந்தியைத் தொடாமல் நடுத் தந்திகளில் ஆரம்பித்தாள். அதற்கு அடுத்ததை இன்னும் கீழே. மேலே வேகமாக ஓடவேண்டியவை எல்லாம் கீழே நிதானமாக, கட்டைக் குரலில் வந்தன. கித்தார்க்காரன் ஒரு கணம் முழித்துவிட்டு, தன் கையை அடக்கி அவளுக்கு வழி விட்டான். இந்த இசை செய்யப்பட்டதே இதற்காகத்தான். கீழே இருப்பது மாறாது, மேலே இருப்பவர் தன்னிடம் இருக்கிற தந்தியை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தாக வேண்டும். இதைப் பத்துப் பதிவுகளில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, என் குணத்துக்கு அது அதிகம்.

முடிந்ததும் நன்றாகவே கைதட்டினார்கள். அவளுடைய ஆசிரியர் வந்து தோளைத் தட்டி ஏதோ சொன்னார். "என்ன சொன்னார்?" என்றேன்.

"கீழ வாசிச்சது நல்லம் எண்டு. ஏன் எண்டு கேக்கேல்லை," என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, இதை நான் எங்கை கொண்டு போறது?"

கூடத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஞாயிறு பூட்டு. தோழியின் வீட்டில் அன்று உறவினர்கள். நேசன் கோட்டை மாட்டிக்கொண்டு, உறையைத் தூக்கித் தன் முதுகில் போட்டார். "வா, பாப்பம்," என்றார்.

ஒரடோரியோவிலிருந்து வீட்டுக்குக் கால்மணி நேர நடை. பல்லரோவுக்குள் குறுக்கே போகலாம்தான், ஆனால் நேசன் அன்றும் சுற்றியே போனார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. கலா தலைக்கு ஊற்றி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வாசற்படியில் நின்றார். கையில் செம்பு. மஞ்சள் தண்ணீர் என்பது வெளிச்சத்தில் தெரிந்தது. அபிரா படியிலேயே நின்றுவிட்டாள். நேசன் அனிச்சையாக ஒரு படி பின்னால் இறங்கி உறையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அவரை அங்கையே நிக்கச் சொல்லு. கிட்டக் கொண்டு வர வேண்டாம்," என்றார் கலா. "நீ மட்டும் வா."

அபிரா வந்தாள். கலா செம்புக்குள் கையை விட்டு மகள் தலையில் தெளித்தார். முகத்தில், தோளில், கைகளில். நன்றாகவே நனைத்தார். செம்பைக் கீழே வைத்தார். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து மகளின் இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு தன் கையையும் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று.

"இப்ப கொண்டு வாங்கோ," என்றார் நேசனிடம்.

கும்பத்துக்குப் பக்கத்தில் கோலம் போட்ட இடம் அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு காய்ந்த பட்டுத் துணி மட்டும் புதிதாக விரித்திருந்தது. "விஜயதசமி இன்னும் முடியேல்லை," என்றார் கலா. "இருந்து ஒருக்கா வாசி. எனக்குக் கேக்கவேணும்."

அபிரா வாசித்தாள். மேல் தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. கலாவுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபரில் வெயில் இதமாக இருக்கும், குகைக்குள் மெல்லிய போர்வை ஒன்று தேவைப்படும். பழைய இசைக் கச்சேரிகளுக்கு இங்கே பெரிய விளம்பரம் கிடையாது. கோயில் கதவுகளிலும் இசைக் கல்லூரி வாசலிலும் ஒட்டியிருக்கும் தாள்களைப் பாருங்கள், பலதும் இலவசம். வேறுபாடுகள் வாசிக்கும்போது கீழ்க் குரலைக் காதில் பிடித்துக்கொண்டு கேளுங்கள், மேலே என்ன நடக்கிறது என்பது தானாக விளங்கும். சந்தையில் சுட்ட குடலைச் சாப்பிடுவது உங்கள் விருப்பம். நவராத்திரியில் நேசனை மட்டும் கூப்பிடாதீர்கள்.

நான் கிளம்பும் நாள் காலையில் கம்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். பழக்கமாகிவிட்டதால் நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். கலா கூடத்தின் குறுக்கே வந்து நின்றார். சுவரில் புதிதாக ஓர் ஆணி, அதில் ஒரு வெள்ளைத் துண்டு.

"கையைத் துடைச்சுப்போட்டுக் கிட்டப் போங்கோ அக்கா," என்றார்.